முதல் ஆம்ப்ளிஃபையர்: பாட்டுக்கும் படத்துக்கும் சேர்த்து எதை வாங்கலாம்?

டிவியின் சத்தம் போதவில்லை, பாட்டும் கேட்க வேண்டும், படமும் பார்க்க வேண்டும், ஸ்பீக்கரோடு சேர்த்துக் கையில் நாற்பதாயிரம் இருக்கிறது. என்ன ஆம்ப் வாங்கலாம்? இதை நான்கு பேரிடம் கேட்டால் நான்கு பதில் வரும். ஷோரூம்காரர் ஏவிஆரை, அதாவது ஐந்தாறு ஸ்பீக்கரை ஓட்டும் ஹோம் தியேட்டர் ஆம்பை, காட்டுவார். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தால் போர்டையும் ட்ரான்ஸ்ஃபார்மரையும் எடுத்து மேசையில் வைப்பார்கள். ஆன்லைனில் வாங்கிப் பழகிய நண்பர், உள்ளங்கை அகல கிளாஸ்-டி ஆம்ப் போதும் என்பார். பழைய ஆள் ஒருவர் இரண்டு ஸ்பீக்கர் ஸ்டீரியோவைத் தவிர மற்றதெல்லாம் சும்மா சத்தம் என்று முடித்துவிடுவார்.

நான்கு பதிலும் யாரோ ஒருவருக்குச் சரியானவைதான். அந்த ஒருவர் நீங்களா என்பதுதான் கேள்வி. அதனால் மாடல் பெயர்களுக்குப் போவதற்கு முன் உங்கள் ஹாலைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் இடம். ஐந்து பாக்ஸும் (ஸ்பீக்கர் பெட்டி) கனமான பேஸுக்கு ஒரு சப்வூஃபரும் வைக்க உங்கள் ஹாலில் வழி இருக்கிறதா? சரவுண்ட் பாக்ஸ் உட்காருபவரின் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் தள்ளி இருக்க வேண்டும். நம் அடுக்குமாடி வீடுகளில் சோஃபா பெரும்பாலும் பின் சுவரோடு ஒட்டியே கிடக்கும். ஒரு பக்கம் சமையலறை வாசல், மறுபக்கம் பால்கனிக் கதவு. அப்படிப்பட்ட வீட்டில் 5.1 (ஐந்து பாக்ஸ், ஒரு சப்வூஃபர்) வாங்கினால் சரவுண்ட் பாக்ஸ் இரண்டும் டிவி மேசையிலேயே முன் பாக்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும். இதை நிறைய வீடுகளில் பார்க்கலாம். அதற்குக் கொடுத்த காசு வீண்.

அடுத்தது, டிவியிலிருந்து சத்தம் எந்த வழியாக ஆம்புக்கு வரும் என்பது. இன்றைய டிவிகளின் பின்னால் ஹெச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் மேல் ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும், டிவியின் சத்தம் ஆம்புக்கு வெளியே போகும் வழி அது. பலவற்றில் சத்தத்தை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் துளையும் உண்டு. பழைய சிவப்பு-வெள்ளை ஆர்சிஏ ஆடியோ அவுட் புது டிவிகளில் அரிதாகிவிட்டது. ஆம்பில் ஆர்சிஏ மட்டும் இருந்து டிவியில் ஆப்டிகல் மட்டும் இருந்தால் நடுவே டிஜிட்டலை அனலாகாக மாற்றும் டிஏசி ஒன்று வேண்டும். ப்ளூடூத்தில் இணைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பாட்டுக்குச் சரி. படத்தில் உதடு அசைந்த பிறகுதான் வசனம் வரும், அது பழகவே பழகாது.

மூன்றாவது வாட். இதில்தான் அதிகமாக ஏமாற்றுவதும் ஏமாறுவதும் நடக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் மூன்று டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சின்ன வித்தியாசம். கேட்பதற்கு 'டபுள்' என்று தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் 50 வாட் ஆம்புக்கும் 70 வாட் ஆம்புக்கும் காது வித்தியாசம் காணாது. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டிதான், அதாவது ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவுதான், பெரிய விஷயம். 87 டெசிபல் என்று போட்டிருக்கும் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கிய பலன் அங்கேயே கிடைத்துவிடும். பன்னிரண்டுக்குப் பதினைந்தடி ஹாலில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது ஆம்ப் இரண்டு மூன்று வாட்டைத் தாண்டுவதே அபூர்வம். படத்தில் திடீரென வெடிக்கும் காட்சிகளுக்கும் சேர்த்து, சேனலுக்கு 40 சுத்தமான வாட் இருந்தால் தாராளம்.

சுத்தமான என்பதை அழுத்திச் சொல்கிறேன். யமஹா ஆர்எக்ஸ்-வி385 என்ற ஏவிஆரின் விவரப் பட்டியலைப் பாருங்கள். இரண்டு சேனல் ஓடும்போது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.09 சதவீத டிஸ்டார்ஷனில் (சத்தச் சிதைவு) 70 வாட். ஒரு சேனல் மட்டும், ஒரே ஒரு ஸ்வரத்துக்கு, 0.9 சதவீதத்தில் 100 வாட். பத்து சதவீத டிஸ்டார்ஷன் வரை போகட்டும் என்றால் 135 வாட். பெட்டி ஒன்றுதான். யமஹா மூன்றையும் நிபந்தனையோடு நேர்மையாக எழுதியிருக்கிறது. மற்ற இடங்களில் மூன்றாவது எண் மட்டும் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும். பிஎம்பிஓ (கண நேர உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது, படிக்காமல் கடந்து போகலாம்.

கடைசியாகக் கரண்ட்டும் ரிப்பேரும். இன்வெர்ட்டரில் ஓடும்போது உறுமுமா, கெட்டுப்போனால் யார் சரிசெய்வார், மழைக்கால இடிக்குத் தாங்குமா என்பதெல்லாம் விளம்பரத்தில் வராது. வீட்டில் வரும்.

## உள்ளூர் அசெம்பிள் ஆம்ப்

நம் ஊரில் இதற்கென்று ஒரு தனி உலகமே இருக்கிறது. 4440 ஐசியில் தொடங்கி 7294, அப்புறம் 5200-1943 ட்ரான்சிஸ்டர் ஜோடி என்று பேச ஆரம்பித்தால் பொழுது போவதே தெரியாது. பேஸ், ட்ரெபிள், ரிமோட் கிட், ப்ளூடூத் எல்லாம் போட்டு ஐந்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் செய்து தருவார்கள். நல்ல கை என்றால், அந்த விலைக்கு இந்த அளவு பலமான சத்தம் வேறெதிலும் வராது. தெருவிலேயே மெக்கானிக் இருப்பது இன்னொரு பலம். ட்ரான்சிஸ்டர் போனால் அன்றைக்கே மாற்றிவிடுவார்.

ஆனால் போர்டில் எழுதியிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். 24-0-24 ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டால் டிசியாகப் பக்கத்துக்கு 33 வோல்ட் போல வரும். அதில் எட்டு ஓம் பாக்ஸுக்குக் கிடைப்பது 50 வாட்டுக்கு அக்கம்பக்கம்தான், போர்டு 200 என்று சொன்னாலும் சரி. 4440 ஐசி இரண்டு சேனலுக்கு ஆறு ஆறு வாட், இரண்டையும் ஒன்றாக்கி பிரிட்ஜ் செய்தால் 19. ஆறு வாட்டும் சின்ன அறைக்குப் போதும் என்பது வேறு விஷயம்.

'5.1' என்ற சொல்லையும் இங்கே கவனமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ப்ரோலாஜிக் போர்டு என்பது இடது வலது சத்தத்தைக் கூட்டிக் கழித்து சென்டரையும் சரவுண்டையும் உண்டாக்குகிறது. படத்தில் தனியாகப் பதிவான ஆறு தடங்களைப் பிரிக்க டால்பி அல்லது டிடிஎஸ் டிகோடர் வேண்டும், அது தனிச் செலவு.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது ட்ரான்ஸ்ஃபார்மர். காப்பர் என்று சொல்லி அலுமினியம் சுற்றியதைக் கொடுப்பது சகஜம். சூடாகும், நாளாக ஆக உறுமும். இரண்டாவது, போலி ட்ரான்சிஸ்டர்களும் ஐசிகளும். மூன்றாவதுதான் ஆபத்தானது: அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் முழு டிசி வோல்ட்டேஜும் ஸ்பீக்கருக்குள் இறங்கிக் காயிலை எரித்துவிடும். சில நூறு ரூபாய் ஸ்பீக்கர் ப்ரொடெக்ஷன் போர்டு இதைத் தடுக்கும். கேட்காவிட்டால் பலர் போடுவதில்லை. கேபினெட்டுக்கு எர்த் கொடுத்திருக்கிறதா, ஃப்யூஸ் இருக்கிறதா என்பதையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். சதுர அலை இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் ட்ரான்ஸ்ஃபார்மர் 'ங்ங்ங்' என்று சேர்ந்து பாடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

## சின்ன கிளாஸ்-டி ஆம்ப்

ட்ரான்சிஸ்டரை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓட்டும் வகை. ஃபோசி, அயிமா, எஸ்எம்எஸ்எல் போன்ற பெயர்களில் வருபவை. ஐந்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை. சூடு குறைவு, எடை குறைவு, கரண்ட் செலவும் குறைவு. ஃபோசி வி3, அயிமா ஏ07 இரண்டிலும் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் டிபிஏ3255 சிப். இந்த விலையில் இவ்வளவு சுத்தமான சத்தம் கிடைப்பது, என் கணக்கில், கடந்த பத்தாண்டுகளில் ஆடியோவில் நடந்த மிக நல்ல காரியம்.

அட்டையில் 300 வாட் இரண்டு சேனல் என்று இருக்கும். அது சிப்பின் உச்ச எண்: ஐம்பது வோல்ட்டுக்கு மேல் சப்ளை, நான்கு ஓம் ஸ்பீக்கர், பத்து சதவீத டிஸ்டார்ஷன். கூட வருவது 32 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் என்றால் அந்த அடாப்டர் தருவதே மொத்தம் 160 வாட். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு சேனலுக்கு 60 வாட் தாண்டாது. அது போதும் என்று மேலேயே பார்த்தோம், ஆனால் 300க்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 48 வோல்ட் அடாப்டருக்கு மாறுவதும், நான்கு ஓம் ஸ்பீக்கரோ பெரிய ஹாலோ இருந்தால்தான் பொருள் உள்ள செலவு.

குறை எங்கே என்றால், இவற்றில் பல வெறும் ஆர்சிஏ உள்ளீட்டோடு வருகின்றன. டிவிக்கு டிஏசி வாங்க வேண்டும், ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம். அதை மாட்டியதும் டிவியின் செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட்டை பிசிஎம் (டால்பியாகச் சுருக்காத சாதாரண டிஜிட்டல் சத்தம்) என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் டால்பி படம் வரும்போது சத்தமே வராது, இல்லையென்றால் கரகரவென்று இரைச்சல் வரும். பாதிப் பேர் ஆம்ப் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புவது இதற்காகத்தான் இருக்கும். ரிமோட் இல்லாத மாடல்களில் விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து போய்த்தான் சத்தத்தைக் குறைக்க வேண்டும். அது உங்கள் சோம்பேறித்தனத்தைப் பொறுத்தது. கெட்டுப்போனால் உள்ளூரில் சரிசெய்யும் ஆள் கிடைப்பது கஷ்டம், அனேகமாகப் புதிதுதான்.

இதே இனத்தில் ஒரு படி மேலே விம் ஆம்ப் இருக்கிறது. 2023இல் வந்தது. எட்டு ஓமுக்கு 60 வாட், ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி, சப்வூஃபர் அவுட், வைஃபையில் பாட்டு. டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கனமான பேஸை சப்வூஃபருக்குத் தள்ளிவிட்டு சின்ன ஸ்பீக்கரின் பாரத்தைக் குறைக்கும் கிராஸ்ஓவரும் உண்டு. விலை ஏவிஆர் அருகில் போய்விடும். இரண்டு பாக்ஸ் போதும், வீட்டில் எல்லோரும் எளிதாக இயக்க வேண்டும் என்பவருக்கு இதைத்தான் சொல்வேன்.

## ஸ்டீரியோ இன்டகிரேட்டட் ஆம்ப்

இரண்டு ஸ்பீக்கருக்கு வேண்டியதெல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும் வகை. யமஹா, டெனான், சோனி, கேம்பிரிட்ஜ் ஆடியோ போன்றவற்றின் கனமான பெட்டிகள். பத்து பதினைந்து வருடம் அசையாமல் ஓடும். எல்பி ரெக்கார்டு வைத்திருப்பவருக்கு ஃபோனோ உள்ளீடு பல மாடல்களில் கூடவே வரும்.

வாங்கும்போது பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். யமஹா ஏ-எஸ்301இல் ஆப்டிகல், கோயாக்சியல் என்ற டிஜிட்டல் உள்ளீடுகள், சப்வூஃபர் அவுட் மூன்றும் உண்டு. சோனி எஸ்டிஆர்-டிஹெச்190இல் ப்ளூடூத், ஃபோனோ உண்டு, டிஜிட்டல் உள்ளீடு ஒன்றுகூடக் கிடையாது. படத்துக்கும் சேர்த்து வாங்குபவருக்கு இந்த வித்தியாசம் வாட்டைவிட முக்கியம்.

நாற்பதாயிரம் பட்ஜெட்டில் இதை வாங்கினால் ஸ்பீக்கருக்கு மிஞ்சுவது குறைவு. ஆம்ப் நன்றாக இருந்து ஸ்பீக்கர் சுமாராக இருந்தால் கேட்பது சுமாராகத்தான் இருக்கும். வீட்டில் ஏற்கெனவே நல்ல ஸ்பீக்கர் கிடந்தால் மட்டும் இதை யோசியுங்கள்.

## ஏவிஆர்

படத்துக்கு இதற்கு நிகர் இல்லை. அதற்குக் காரணம் பலர் நினைப்பதுபோல் பின்னால் பறக்கும் ஹெலிகாப்டர் கிடையாது, சென்டர் ஸ்பீக்கர்தான். வசனம் முழுக்கத் தனி பாக்ஸில், திரையின் நடுவிலிருந்து வரும். அதன் சத்தத்தை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டிவைத்தால், பின்னணி இசையில் வசனம் மூழ்குகிறது என்ற புகார் வீட்டில் நின்றுவிடும். ராத்திரி பார்க்கும்போது வெடிச் சத்தத்தை அடக்கி வசனத்தைத் தூக்கும் நைட் மோடும் பலவற்றில் உண்டு. பக்கத்து வீட்டோடு நல்லுறவுக்கு அது நல்லது. கூட வரும் மைக்கை சோஃபாவில் வைத்தால் அறையின் தன்மைக்கேற்ப ஒவ்வொரு பாக்ஸின் தூரத்தையும் அளவையும் தானே சரிசெய்துகொள்ளும். யமஹாவில் இதற்கு ஒய்பிஏஓ என்று பெயர்.

பாட்டுக்கு? இரண்டு சேனலில் ஓட்டினால் நன்றாகவே இருக்கும். ஏவிஆரில் பாட்டுக் கேட்க முடியாது என்பவர்கள் விலை அதிகமான ஸ்டீரியோவோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்.

செலவுதான் சிக்கல். ஆம்ப் மட்டும் முப்பதாயிரத்தை ஒட்டி. மீதிப் பத்தாயிரத்தில் ஐந்து பாக்ஸும் சப்வூஃபரும் வாங்கினால் டப்பா சத்தம்தான் கிடைக்கும். ஐந்து பாக்ஸுக்கும் வயர் இழுக்கும் செலவு தனி. மலிவு வயர் பலவும் மேலே செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம். டிவி யூனிட்டின் மூடிய தட்டில் வைத்தால் மேலே காற்றுப் போக இடமில்லாமல் வெந்துபோகும், தச்சரைக் கூப்பிட்டுத் தட்டை மாற்ற வேண்டியிருக்கும்.

இடி மின்னல் பற்றியும் சொல்ல வேண்டும். டிடிஹெச் அல்லது கேபிள் வயர் வழியாக வரும் சர்ஜ் (திடீர் வோல்ட்டேஜ் பாய்ச்சல்), செட்டாப் பாக்ஸிலிருந்து ஹெச்டிஎம்ஐ வழியாக ஏவிஆருக்குள் வந்து அந்த போர்டைச் சாகடிக்கும். ஸ்டெபிலைசர் இதைத் தடுக்காது. இடி இடிக்கும்போது ப்ளக்கையும் டிஷ் வயரையும் கழற்றுவதுதான் வழி. ஹெச்டிஎம்ஐ போர்டு மாற்றும் செலவைக் கேட்டால் புது ஆம்ப் ஆசை வந்துவிடும்.

## ஒரே பார்வையில்

விலைகள் தோராயமானவை, கடைக்குக் கடை மாறும்.

| | அசெம்பிள் | கிளாஸ்-டி | இன்டகிரேட்டட் | ஏவிஆர் |
|---|---|---|---|---|
| ஆம்ப் விலை | 5–15 ஆயிரம் | 5–12 ஆயிரம் | 20–45 ஆயிரம் | 28–45 ஆயிரம் |
| டிவி இணைப்பு | சேர்த்தால் உண்டு | பெரும்பாலும் டிஏசி வேண்டும் | மாடலைப் பொறுத்தது | ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி |
| உண்மையான 5.1 | டிகோடர் சேர்த்தால் | இல்லை | இல்லை | உண்டு |
| பாட்டு | செய்பவர் கையைப் பொறுத்தது | மிக நன்று | மிக நன்று | நன்று |
| வசனத் தெளிவு | சுமார் | நல்ல ஸ்பீக்கர் இருந்தால் நன்று | நல்ல ஸ்பீக்கர் இருந்தால் நன்று | மிக நன்று |
| ரிப்பேர் | தெருவிலேயே | கடினம் | சர்வீஸ் சென்டர் | சர்வீஸ் சென்டர், செலவு அதிகம் |
| மறைந்த செலவு | ட்ரான்ஸ்ஃபார்மர், ப்ரொடெக்ஷன் | டிஏசி, நல்ல அடாப்டர் | ஸ்பீக்கருக்கு மிஞ்சாத காசு | ஐந்து பாக்ஸ், வயர், காற்றோட்டம் |

## அப்படியானால் யாருக்கு எது

சோஃபா சுவரோடு ஒட்டிய ஹால், பாதிப் பாட்டு பாதிப் படம், மொத்தம் நாற்பதாயிரம். இதற்கு என் பதில் கிளாஸ்-டி ஆம்பும் ஒரு ஜோடி நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும். ஆம்புக்கு எட்டு ஒன்பதாயிரம், டிஏசிக்கு இரண்டு, வயருக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு இருபது வரை. மிச்சத்தை வைத்துக்கொண்டு, பேஸ் குறைகிறது என்று உண்மையிலேயே தோன்றினால் ஆறு மாதம் கழித்து சப்வூஃபர் சேர்க்கலாம். அதற்காக சப் அவுட் உள்ள மாடலாக எடுங்கள். இரண்டு நல்ல ஸ்பீக்கர் ஐந்து மட்டமான ஸ்பீக்கரைவிட படத்துக்கும் மேல். இதைச் சொன்னால் கடையில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

படம்தான் பிரதானம், தனி அறை இருக்கிறது, பின்னால் பாக்ஸ் மாட்ட இடம் இருக்கிறது என்றால் ஏவிஆருக்கே போங்கள். ஆனால் ஸ்பீக்கரைத் தவணையில் சேருங்கள். இந்த வருடம் முன் இரண்டும் சென்டரும், அப்புறம் சப்வூஃபர், கடைசியில் சரவுண்ட். இந்த வரிசையில் சேர்த்தால் எந்தக் கட்டத்திலும் கேட்க நன்றாகவே இருக்கும்.

பணம் அவ்வளவு இல்லை என்றால் பழைய ஏவிஆரும் நல்ல வழி. ஏஆர்சி இல்லாத காலத்து மாடலாக இருந்தாலும் ஆப்டிகல் துளை இருந்தால், டிவி ஆப்களின் சத்தத்தை டால்பி டிஜிட்டலாக அனுப்பும் டிவியோடு உண்மையான 5.1 கிடைக்கும். வாங்கும்போது ஒவ்வொரு சேனலாக ஓட்டிக் கேளுங்கள். ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ துளையிலும் சொருகிப் பாருங்கள். ரிமோட்டும் மைக்கும் இருக்கிறதா என்று பாருங்கள், மைக் தொலைந்துபோன ஏவிஆர்தான் அதிகம் விற்பனைக்கு வரும்.

அசெம்பிள் ஆம்ப் யாருக்கு? நம்பிக்கையான மெக்கானிக் கூப்பிடு தூரத்தில் இருப்பவருக்கு, பெரிய கூடமோ மொட்டை மாடியோ இருப்பவருக்கு, சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவருக்கு. வேறு ஊரில் செய்து பார்சலில் வரும் அசெம்பிள் ஆம்ப் வேண்டாம். இந்த வகையின் பெரிய பலமே பக்கத்தில் ஆள் இருப்பதுதான், பார்சலில் வந்தால் அது போய்விடுகிறது.

இதெல்லாம் தலைவலி, ஒரே வயரில் வேலை முடிய வேண்டும் என்றால் சவுண்ட்பார் வாங்குங்கள், தப்பில்லை. பிற்பாடு ஸ்பீக்கரை மட்டும் மாற்றவோ சேர்க்கவோ வழி இருக்காது என்பதைத் தெரிந்தே வாங்குங்கள்.

## வந்ததும் பார்க்க வேண்டியது

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வீட்டு இணைப்பு முழுவதையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். பாட்டு எதுவும் ஓடாமல் சத்தத்தை முக்கால்வாசி வரை ஏற்றுங்கள். ட்வீட்டரில் (ஸ்பீக்கரின் கீச்சு ஒலிக்கான சின்ன பாகம்) காதை வைத்தால் லேசாக 'ஸ்ஸ்' என்று கேட்பது இயல்பு. உட்காரும் இடம் வரை 'ம்ம்ம்' என்று ஹம் கேட்டால் மட்டும் கவனியுங்கள். அப்போதும் ஆம்பை உடனே பேக் செய்ய வேண்டாம். செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றுவிட்டால் அது எர்த் வேறுபாட்டால் வருவது. டிவிக்கும் ஆம்புக்கும் நடுவே ஆப்டிகல் வயர் போட்டால் அந்த வழி துண்டிக்கப்பட்டுவிடும், ஒளி வழியாகப் போவதால் ஹம் ஏறாது. கழற்றியும் நிற்கவில்லை, எல்லா உள்ளீட்டையும் பிடுங்கிய பிறகும் கேட்கிறது என்றால் ஆம்பில்தான் கோளாறு. அப்போது பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.